தங்கசாலை முதல் பிளாக்செயின் வரை

மலர்க் குழுவினர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுங்க, ஆனா சிவில், மெக்கானிக்கல்காரங்களுக்கும் புரியணும்" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பார்க்கும் வேலை பணப் பரிமாற்ற சாஃப்ட்வேர். கல்லூரிப் பக்கம் வரும்போதெல்லாம் இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, கிரிப்டோ நம்ம நாட்டுல சட்டப்படி சரியா, தப்பா?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டும். அந்தச் சரித்திரத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பெரும்பகுதி பேசின் பிரிட்ஜைச் சுற்றி நாலைந்து மைலுக்குள் நடந்திருக்கிறது என்பதுதான் இதை எழுத என்னைத் தூண்டியது.

பேசின் பிரிட்ஜ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சென்ட்ரலுக்கு முன்னால் ரயில் அவுட்டரில் நிற்கும் அந்த அரை மணி நேரம்தான். ஒரு பக்கம் யார்டில் வரிசையாகக் கழுவ நிற்கும் பெட்டிகள், இன்னொரு பக்கம் மின் நிலையம், கீழே பக்கிங்ஹாம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றி வந்த படகுகள் ஒதுங்கி நின்ற பேசின்தான் ஊருக்கே பெயராகிவிட்டது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் மின்ட் வந்துவிடும். மின்ட் பஸ் ஸ்டாண்ட் என்று தினமும் சொல்கிறோமே, அந்த மின்ட் நிஜமாகவே நாணயம் அடித்த இடம். தமிழில் தங்கசாலை. கம்பெனி காலத்து நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டு, அந்த வளாகம் பிறகு அரசு அச்சகம் ஆனது.

அந்தக் காலத்து மெட்ராஸ் கணக்கு நம் செமஸ்டர் கணக்கை விட மோசம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். (இன்று 'பணம்' என்று பொதுவாகச் சொல்கிறோம்; அன்று அது ஒரு குறிப்பிட்ட சின்ன நாணயத்தின் பெயர்.) 1818இல் மெட்ராஸில் ரூபாய் கணக்கு வந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தது. நோட்டு விஷயம் வேறு. 1843இல் தொடங்கிய மெட்ராஸ் பேங்க் தன் பெயரிலேயே நோட்டு அடித்து விட்டுக்கொண்டிருந்தது. சர்க்காருக்கு இதில் பங்கு இருந்தாலும் அது பேங்க் நோட்டுதான். 1861இல் காகித நாணயச் சட்டம் போட்டு, இனி நோட்டு வெளியிடுவது சர்க்கார் மட்டுமே என்று எடுத்துக்கொண்டார்கள். 'தனியார் நாணயம்' என்று கிரிப்டோவைப் பற்றி டெல்லியில் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 1861 ஞாபகம் வரும். 2022இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வங்கி நோட்டு டிஜிட்டல் வடிவிலும் இருக்கலாம் என்று சேர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1இல் டிஜிட்டல் ரூபாய் பொதுமக்களிடம் சோதனைக்கு வந்தது. யார் நாணயம் அடிக்கலாம் என்ற கேள்விக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் ஜனங்களின் வயிற்றில் அடித்தது அந்தக் கேள்வி அல்ல. நம்முடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இன்னொருவர் கையில் இருக்கும்போது, அது யாருடையது? இந்தக் கேள்விதான் நம்மூரில் மூன்று நான்கு தடவை வெடித்திருக்கிறது.

முதல் வெடி 1906 அக்டோபர் 22. பீச் ரோடில் அர்பத்நாட் கம்பெனி. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மெட்ராஸ் வியாபார உலகில் மூன்று பெரிய பெயர்கள். அதில் அர்பத்நாட்டில் பணம் போடுவது கோயில் உண்டியலில் போடுவது மாதிரி, பத்திரம் என்று நம்பினார்கள். வக்கீல்கள், பென்ஷன்காரர்கள், விதவைகள், ஜமீன்தார்கள் எல்லோரும் போட்டிருந்தார்கள். அன்று காலை கம்பெனி கதவை மூடிவிட்டது. நம்மூர்ப் பணம் லண்டன் வழியாக உலகம் பூராவும் சூதாட்ட வியாபாரங்களில் போய்விட்டிருந்தது. லண்டன் கூட்டாளியான மெக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. ஒரு வெள்ளைக்கார 'சர்' கம்பி எண்ணியது அன்றைக்குப் பெரிய செய்தி. அதே நெருக்கடியில் தள்ளாடிய பின்னியை வேறு பிரிட்டிஷ் முதலாளி எடுத்துக்கொண்டதால்தான் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் சங்கு தொடர்ந்து ஊதியது.

சரி, தண்டனை கிடைத்தது. பணம்? இங்கே ஒரு சட்ட விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் சைக்கிள் ஸ்டாண்டை வைத்துச் சொல்கிறேன். ஸ்டேஷன் ஸ்டாண்டில் நீங்கள் சைக்கிளை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறீர்கள். ஸ்டாண்டுக்காரர் கடனாளியாகி ஓடிவிட்டாலும், உள்ளே நிற்கும் சைக்கிள் உங்களுடையதுதான். கடன்காரன் அதை இழுத்துப்போக முடியாது. அதுவே ஸ்டாண்டுக்காரருக்கு 500 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தால்? அந்த நோட்டு அவருடையதாகிவிட்டது. உங்களுக்கு இருப்பது 'அவர் தர வேண்டும்' என்ற உரிமை மட்டுமே. அவர் திவாலானால் மற்ற கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பேங்க் டெபாசிட் இந்த இரண்டாவது வகை. அர்பத்நாட் டெபாசிட்தாரர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். தம் பணம் பெட்டியில் இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு, இருந்தது லெட்ஜரில் ஒரு வரி மட்டுமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த இடிபாட்டில் இருந்து வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இந்தியன் பேங்கை உருவாக்கினார்கள். 1907 மார்ச்சில் பதிவு, ஆகஸ்ட் 15இல் திறப்பு. அந்தத் தேதிக்கு இன்னொரு அர்த்தம் வர இன்னும் 40 வருஷம் இருந்தது.

அடுத்தது 1938. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1இல் வந்துவிட்டது. இனி பயமில்லை என்று இருந்தார்கள். திருவாங்கூர் நேஷனல் பேங்கும் குயிலான் பேங்கும் 1937இல் இணைந்து உருவான வங்கி, மெட்ராஸிலும் பெரிதாக இயங்கியது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியின் தலைமைக்கும் ஆகாது. 1938 ஜூனில் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ரிசர்வ் வங்கி கைகொடுக்கவில்லை என்று அப்போதே பெரிய விமர்சனம். வங்கியின் தலைமையில் இருந்த கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். குடும்பச் சொத்து போயிற்று. அவர் நடத்திய மலையாள மனோரமா பத்திரிகையும் பூட்டப்பட்டது.

இந்தக் கதைக்கு நம் பக்கத்தில் ஒரு கிளை உண்டு. அவருடைய மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். ஒற்றியூர் ஹை ரோடில் ஷிப்ட் பஸ் நிற்கிற அந்த ஃபேக்டரியில் நம் பழைய மாணவர்கள் எத்தனை பேர் அப்ரண்டிஸ் முடித்திருக்கிறார்கள்! அதன் வேர் ஒரு பேங்க் திவாலில் இருக்கிறது என்பது இந்த விஷயங்களைப் படிக்கத் தொடங்கும்வரை எனக்குத் தெரியாது.

1938 அடியின் விளைவாக, வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1939இல் யோசனை அனுப்பியது. சட்டமாக வந்தது 1949இல். கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் 1960இல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. 1962இல் தலைக்கு 1,500 ரூபாய், 1993இல் 1 லட்சம், 2020இல் 5 லட்சம். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் ஒரு பூட்டிய ஷட்டர் இருக்கிறது.

பேங்க் பக்கம் வேலி போட்டாயிற்று. வேலிக்கு வெளியேதான் நம் வடசென்னை! சீட்டு இல்லாத தெரு உண்டா? யார்டிலும் மில்லிலும் ஹார்பரிலும் சம்பள நாளன்று சீட்டுக் கட்டிவிட்டுத்தான் மற்றது. இதற்கு மெட்ராஸ் மாநிலத்தில் 1961இலேயே சட்டம் போட்டார்கள். 1982இல் மத்தியச் சட்டம். என்ன சொல்கிறது? பதிவாளரிடம் அனுமதி வாங்கு. சீட்டை நடத்துபவர் ஒரு தவணையில் எல்லோரும் கட்டும் மொத்தத் தொகைக்குச் சமமாக முன்னாடியே பேங்கில் ஈடு வை. அதாவது 20 பேர் மாதம் 5,000 கட்டும் சீட்டு என்றால், நடத்துபவர் 1 லட்சம் ஈடு வைத்த பிறகுதான் தொடங்கலாம். ஊரில் எல்லோரும் இதன்படி நடக்கிறார்களா என்றால், சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் சட்டம் எழுதியவருக்கு எங்கே ஓட்டை என்று தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு தொண்ணூறுகள். சீனியர் அண்ணன்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஃபைனான்ஸ் கம்பெனி, பெனிஃபிட் ஃபண்டு, தேக்கு மரம் வளர்த்து லட்சாதிபதியாக்குகிறோம் என்று தினப்பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். அனுபவ் தேக்குத் திட்டம் 1998இல் கவிழ்ந்தது ஒன்று. பெயர் தெரியாமல் கவிழ்ந்தவை எத்தனையோ. எங்கள் தெருவில் ரயில்வேயில் ரிடையரான ஒரு பெரியவர், கிராஜுவிட்டி பணத்தை வருஷத்துக்கு 24 சதவீதம் என்று சொன்ன ஓர் இடத்தில் போட்டார். எட்டு மாதம் வட்டி வந்தது. ஒன்பதாவது மாதம் போர்டு இருந்தது, ஆள் இல்லை. டெபாசிட் ரசீதை பாலிதீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷமும் அதை எடுத்துக் காட்டி, "தம்பி, நீ படிச்ச புள்ளையாச்சே, இது செல்லுமா பாரு" என்று கேட்டார். நான் என்ன பார்ப்பேன்?

அவர் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் கொதித்ததால்தான் 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோர்ட் வட்டாரத்தில் 'டான்பிட்' என்பார்கள். கம்பெனியின் சொத்தை, மோசடிப் பணத்தில் பினாமி பெயரில் வாங்கிய சொத்து உட்பட, அரசே ஜப்தி செய்து, தனிக் கோர்ட் மூலம் விற்று டெபாசிட்தாரருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இதைப் பார்த்து மகாராஷ்டிரா 1999இலும் புதுச்சேரி 2004இலும் சட்டம் போட்டன. பம்பாய் ஹைகோர்ட் தங்கள் சட்டம் செல்லாது என்றது. நம் ஹைகோர்ட் நம் சட்டம் செல்லும் என்றது. 2011இல் சுப்ரீம் கோர்ட் நம் பக்கம் நின்றது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சட்டங்களில் இது ஒன்று என்பது என் கருத்து. அதற்காக ஆசை ஒழிந்துவிடவில்லை. மாதத்துக்கே 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா விவகாரம் 2022இல் வெளிவந்தபோது, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் போலீஸ் கணக்கு சொன்னது.

இப்போது பிளாக்செயினுக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு லெட்ஜர். ஒரு கம்பெனியின் பீரோவில் ஒரே பிரதியாக இல்லாமல், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி இருக்கும் லெட்ஜர். ஒரு பக்கத்தின் கணக்குச் சாரம் அடுத்த பக்கத்தில் கோர்க்கப்பட்டிருப்பதால், பழைய பக்கத்தைத் திருத்தினால் பின்னால் வரும் எல்லாப் பக்கமும் பல்லிளித்துவிடும். உங்கள் பெயரில் உள்ள வரியை மாற்ற, உங்களிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்ணான 'சாவி' வேண்டும். சடோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் இதை 2008இல் எழுதினார். 2009 ஜனவரியில் பிட்காயின் ஓடத் தொடங்கியது. நடுவில் அர்பத்நாட் தேவையில்லை என்பதுதான் அதன் கொள்கையே.

ஆனால் சாவியை வைத்துக்கொள்ள நம்மாலாகாது. தொலைத்துவிடுவோம். அதனால் எக்ஸ்சேஞ்ச் என்ற கம்பெனியிடம் கொடுத்து, மொபைல் ஆப்பில் பாக்கி பார்த்துத் திருப்திப்படுகிறோம். ஆப்பில் தெரிவது பிளாக்செயின் அல்ல. அந்தக் கம்பெனியின் சொந்த லெட்ஜர்! அர்பத்நாட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். நம் தம்பி தங்கைகளில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன செய்தது? ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் முதல் எச்சரிக்கை விட்டது. 2018 ஏப்ரல் 6இல், இந்த வியாபாரத்துக்கு எந்த வங்கியும் சேவை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை. 2020 மார்ச் 4இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் ஹைகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த வி. ராமசுப்பிரமணியன். கட்டுப்படுத்தும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை. வங்கிகளுக்கு என்ன சேதம் வந்தது என்று காட்டாமல், ஒரு தொழிலின் மூச்சையே நிறுத்துவது அளவுக்கு மீறியது என்றார். 2021இல் தடை மசோதா என்று பார்லிமென்ட் பட்டியலில் பெயர் வந்தது, மசோதா வரவில்லை. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதப் பிடித்தம். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. 2023 மார்ச்சில் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்துக்குள் எக்ஸ்சேஞ்சுகளைக் கொண்டுவந்து, மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு கட்டாயமாக்கினார்கள்.

வரி வாங்கியாயிற்று, திருட்டுப் பணத்துக்கு வலை போட்டாயிற்று. போட்டவன் பணத்துக்கு?

2024 ஜூலை 18. வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் ஒரு பெட்டகத்தில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. திருடு போனவை ஈதரியம் வகை. கம்பெனி எல்லோருடைய கணக்கையும் முடக்கியது. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு எத்தனை பேர் வாய்விட்டு அழுதார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். அப்போது சென்னையில் ஒரு முதலீட்டாளர் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற வேறு காயின் 3,532.30 வாங்கி வைத்திருந்தவர். அவர் வாதம் எளிமை: திருடு போனது வேறு வகை, என் காயின் அப்படியே இருக்கிறது, அதை எதற்கு முடக்குகிறீர்கள்? கம்பெனி, சிங்கப்பூரில் உள்ள தாய்க் கம்பெனிக்கு அந்நாட்டுக் கோர்ட்டில் சீரமைப்புத் திட்டம் நடக்கிறது, நஷ்டத்தை எல்லோரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது. சைக்கிள் ஸ்டாண்டில் சிலருடைய சைக்கிள் திருடு போனதற்கு, மிச்ச சைக்கிள்களை எல்லோரும் பாகம் பிரிக்கலாமா என்பதுதான் வழக்கு.

2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொன்னார். கிரிப்டோ கைக்குப் பிடிபடும் பொருளும் அல்ல, நாணயமும் அல்ல. ஆனால் அது சொத்து. அனுபவிக்கலாம், உடைமையாக வைத்திருக்கலாம், நம்பிக்கைப் பொறுப்பில் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். நியூசிலாந்தில் கிரிப்டோபியா எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது 2020இல் அந்நாட்டுக் கோர்ட் இதே வழியில் போனதை எடுத்துக்காட்டினார். ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணை சிங்கப்பூரில் என்று இருந்தாலும், பணம் போனது சென்னை வங்கிக் கணக்கில் இருந்து என்பதால் இங்கே பாதுகாப்பு கேட்கலாம் என்றார். 9,56,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கும்படி இந்தியக் கம்பெனிக்கு ஆணை. நடுவர் விசாரணை முடியும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடுதான் இது, ஒருவருக்கு மட்டும்தான். இருந்தாலும், 1906இல் கடன்காரர் வரிசையில் நின்றவர்களுக்கு இதே ஊரில் கிடைக்காத ஒரு வாதம், 'அது என் சைக்கிள்' என்ற வாதம், இப்போது கோர்ட் ஏறியிருக்கிறது. கடற்கரையில் அர்பத்நாட் இருந்த தெருவுக்கும் ஹைகோர்ட்டுக்கும் நடந்து போகிற தூரம். வந்து சேர 119 வருஷம்.

ஆனால் ஒரு தீர்ப்பு சட்டம் ஆகாது. வியாசர்பாடியில் 20 பேரை வைத்துச் சீட்டு நடத்தும் ஓர் அக்கா, சட்டப்படி பதிவாளரிடம் போக வேண்டும், ஈடு வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் அடுத்தவர் காயினைச் சாவியோடு வைத்திருக்கும் கம்பெனியிடம் அப்படி ஈடு கேட்கும் சட்டத்தை, அல்லது வாடிக்கையாளர் சொத்தை உன் சொத்தில் இருந்து பிரித்து வை என்று சொல்லும் தனிச் சட்டத்தை, நம் பார்லிமென்ட் இதுவரை போடவில்லை. டெபாசிட் இன்ஷூரன்ஸும் கிடையாது. ஜப்பானில் 2014இல் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. அங்கே 2017இலேயே பதிவும், வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைப்பதும் கட்டாயம் ஆகிவிட்டன. ஐரோப்பிய யூனியன் 2023இல் முழுச் சட்டமே போட்டது. அவர்களுக்கு மூன்று வருஷம் போதுமாக இருந்தது என்றால் நமக்கு ஏன் முடியாது?

தம்பிகளின் கேள்விக்கு வருகிறேன். வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம் இல்லை. வரி கட்டாதது குற்றம். செல்லுபடியாகும் நாணயமும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஆப்பில் 'ஐ அக்ரீ' பொத்தானுக்கு மேலே இருக்கிறது. அந்த நீள ஒப்பந்தத்தில் இரண்டு இடம் மட்டும் பாருங்கள். காயினை யார் பெயரில், என்ன பொறுப்பில் வைக்கிறார்கள் என்று ஓர் இடம். சண்டை வந்தால் எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்று இன்னோர் இடம். இரண்டாவது இடத்தில் வேறு நாட்டின் பெயர் இருந்தால், ஃபிளைட் டிக்கெட் விலையையும் முதலீட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.